ஆயிரம் பவுண் எங்கே நிற்கிறது?

ஹரோ,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பெறாமகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. குரொய்டன் வீட்டில் நீங்கள் பால் காய்ச்சின அன்று, பால் பொங்குவதற்கு முன்னமே கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியதும், மருமகன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோயில் மணி இல்லாத குறை தீர்ந்தது என்று உன் அம்மா சொன்னாவே, அன்றைக்கு அதைவிட நல்ல பேச்சை யாரும் பேசவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. எல்லாரும் போன பிறகு கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது நீ சொன்ன ஒரு கதைக்காக. "ஏஜென்ற்றிட்ட குடுத்த ஆயிரம் பவுண் இன்னும் திரும்பி வரேல்லை பெரியப்பா. வீடு கிடைச்சிட்டுது தானே, போனாப் போகட்டும்." சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாய். நான் தான் அந்த "போனாப் போகட்டு"மைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு சொலிசிற்றர் கந்தோரில் 31 வருடம் கணக்கு எழுதின ஒருவனுக்கு முன்னால் இப்படி ஒரு வசனத்தைச் சொல்லக்கூடாது, பிள்ளை. நித்திரை வராது.

முதலில் நான் கேட்பது ஒன்று. அந்தக் காசு உண்மையாகவே திரும்பவில்லையா? கோபிக்காதே. கந்தோருக்கு இந்த முறைப்பாட்டோடு வந்தவர்களில் பலருக்கு நான் செய்த ஒரே வேலை, அவர்களுடைய கொம்பிளீஷன் ஸ்டேற்மென்றை, அதாவது சொலிசிற்றர் தருகிற இறுதிக் கணக்குத் தாளை, மேசையில் விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தது தான். ஏஜென்ற் பிடித்து வைத்திருந்த முற்பணம் கழிக்கப்பட்டிருக்கும், ஆனால் பத்துப் பதினைந்து வரிகளுக்கு நடுவே அது யாருக்கும் தெரிந்திருக்காது. வீடு வாங்குகிற வாரத்தில் மனிதர் கணக்கை வாசிப்பதில்லை. கடைசி வரியில் இருக்கிற தொகையைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அதை அனுப்பிவிட்டு, சாமான் கட்டப் போய்விடுவார்கள்.

ஆகவே உன் ஸ்டேற்மென்றை எடுத்து வை. நீ அன்று சொன்ன தொகைகளை வைத்து நான் ஒரு பழைய என்வலப்பின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். வீட்டு விலை 425,000. மோட்கேஜ் நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது 382,500. உங்கள் கையிலிருந்து பத்து வீதம், 42,500. இரண்டையும் கூட்டினால் சதம் பிசகாமல் 425,000 வருகிறது. முத்திரை வரி, முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 300,000 வரைக்கும் இல்லை, மிச்சம் 125,000க்கு ஐந்து வீதம், ஆக 6,250. அது வேறு வரி, சொலிசிற்றர் கூலி வேறு வரி. விலைக் கணக்கு மட்டும் பார்த்தால் அழகாக மூடுகிறது.

அழகாக மூடுவது தான் இங்கே பிழை. பெப்ரவரியில் உங்கள் விலையை ஏற்றுக்கொண்ட கையோடு ஏஜென்ற்றிடம் போன ஆயிரம் இந்தக் கணக்குக்குள் எங்கேயும் இல்லையே. அது விலையின் ஒரு பகுதி என்றால், கைக்காசு 41,500 என்று தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் சேமிப்பிலிருந்து முழுதாகப் பத்து வீதத்தையும் சொலிசிற்றருக்கு அனுப்பினீர்கள், வங்கி முழுதாகத் தொண்ணூறு வீதத்தை அனுப்பியது, எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். விற்றவருக்குச் சேரவேண்டிய விலை 425,000. உங்கள் பக்கத்திலிருந்து புறப்பட்டது 426,000. ஒரு ஆயிரம் எங்கேயோ நடுவழியில் நிற்கிறது.

ஊரில் இப்படி நடப்பது கஷ்டம். என் ஐயா காணி வாங்கும்போது வெற்றிலையில் வைத்து அச்சாரம் கொடுத்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னால் எழுதாத காணிப் பேச்சுக்குப் பலமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அச்சாரம் கொடுத்தால் கொடுத்தது தான். உறுதி முடிக்கிற அன்று நொத்தாரிசு கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: காசு என் முன்னால் கைமாறுகிறதா, முன்னமே கொடுத்தாயிற்றா? அதை அவர் தன் கையால் உறுதியின் அடியில் எழுதவேண்டும். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. ஏஜென்ற் ஒரு கட்டடத்தில், உன் சொலிசிற்றர் இன்னொரு ஊரில், விற்றவரின் சொலிசிற்றர் மூன்றாவது ஊரில். ஒருவருக்கொருவர் ஈமெயில் மட்டும் போய்வரும். நீ காசு கொடுத்ததை உன் சொலிசிற்றருக்கு நீ சொல்லவில்லை என்றால், ஏஜென்ற்றும் சொல்லவில்லை என்றால், அவருக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் இரண்டாவதாகத் தேடவேண்டிய தாள், விற்பனைக் குறிப்பு. விலை ஒத்துக்கொண்ட உடனே ஏஜென்ற் இரண்டு பக்கத்துச் சொலிசிற்றர்களுக்கும் அனுப்புகிற ஒரு பக்கக் கடிதம். பெயர், விலாசம், விலை எல்லாம் இருக்கும். உனக்கும் ஒரு பிரதி வந்திருக்கும், ஈமெயிலில் தேடு. ஆயிரம் பவுண் வாங்கினதாக அதில் ஒரு வரி இருந்தால், உன் சொலிசிற்றர் அதை வாசித்தும் கணக்கில் கழிக்கவில்லை என்று ஆகும், அவரிடமும் ஒரு கேள்வி உண்டு. இல்லாவிட்டால் பொறுப்பு முழுக்க ஏஜென்ற் தலையில்.

மூன்றாவது, நீ காசு அனுப்பினபோது அவர்கள் தந்த பற்றுச்சீட்டு அல்லது ஈமெயில். அதில் என்ன சொல் இருக்கிறது என்பது முக்கியம். விலையில் கழிக்கப்படும் என்று இருக்கிறதா, விற்பனை முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்று இருக்கிறதா, அல்லது திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறதா? முதல் இரண்டும் உன் பக்கம். மூன்றாவது என்றால் எனக்கு உடனே ஃபோன் எடு, அப்போதும் கதை முடியவில்லை. திருப்பித் தரமாட்டோம் என்பது பெரும்பாலும் நீ இடையில் விலகினால் என்ற அர்த்தத்தில் எழுதப்படுவது, நீ விலகவில்லையே. ஆனால் ஒன்று கவனி. இணையத்தில் ஏலம் போடுகிற புதுமுறை விற்பனையில் வாங்குபவரிடம் வாங்குகிற முன்பதிவுக் கட்டணம் வேறு சாதி. அது விலைக்கு மேலே போகிற கூலி, திரும்பாது. உன் வீடு அப்படி வாங்கினது அல்ல என்று தான் நினைக்கிறேன். தாளைப் பார்த்து உறுதிப்படுத்து.

இதைத் தேடப்போனால் இணையம் உன்னை வாடகைச் சட்டத்துக்குள் தள்ளிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோல்டிங் டிப்பொசிற் என்று தட்டினால் ஒரு கிழமை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, ஏழு நாளுக்குள் திருப்பவேண்டும் என்றெல்லாம் வரும். அது 2019இல் வந்த குடியிருப்போர் கட்டணச் சட்டம், வாடகைக்கு இருப்போருக்கு. வீடு வாங்கினவர் அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஏஜென்ற் கந்தோரில் இருக்கிற பொடியன் சிரித்துவிட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவான். உனக்குரிய சட்டம் அதைவிடப் பழசு, 1979ஆம் ஆண்டின் எஸ்டேற் ஏஜென்ற்ஸ் சட்டம். ஒப்பந்தம் கையெழுத்தாக முன் வாங்குபவரிடமிருந்து ஏஜென்ற் பெறுகிற முற்பணத்துக்கு அதில் தனிப் பெயரே இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் அப்படி வாங்குவதே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இங்கே வாங்கலாம், ஆனால் வாங்கினது ஏஜென்ற்றின் காசு ஆகாது. கிளையன்ற் என்ற சொல் பெயரிலேயே இருக்கிற தனி வங்கிக் கணக்கில் அதைப் போடவேண்டும். அதற்கு உரியவர் யாரோ அவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவேண்டும். 13ஆம், 14ஆம் பிரிவுகள். இந்த இரண்டு எண்களையும் எழுதி வை, கடிதத்தில் வேண்டிவரும்.

இப்போது, அந்த ஆயிரம் எங்கே நிற்கலாம்? எனக்குத் தெரிந்த வரையில் இரண்டு இடம்.

ஒன்று, இன்னும் அந்தக் கிளையன்ற் கணக்கிலேயே கிடக்கலாம். யாரும் எழுத்தில் கேட்கவில்லை, யாரும் எடுக்கவில்லை. உன் விற்பனையைக் கவனித்த பெட்டை வேலை மாறிப் போயிருப்பாள், கோப்பு மூடப்பட்டிருக்கும். இப்படிப் படுத்துக் கிடக்கிற காசு நீ நினைப்பதைவிட அதிகம். எங்கள் கந்தோரிலும் வருடக் கடைசியில் ஆடிட்டர் வரும்போது இந்த மாதிரிச் சின்னச் சின்ன மிச்சங்களுக்கு உரியவரைத் தேடி நான் ஃபோன் எடுத்திருக்கிறேன். ஒரு நல்ல கடிதம் போனால் ஒரு கிழமையில் வந்துவிடும்.

மற்றது கொஞ்சம் சிக்கல். நீ ஏஜென்ற்றுக்கு ஃபோன் எடுத்தபோது "அது விற்பனையாளர் கணக்கில் சேர்த்தாயிற்று" என்றார்கள் என்று சொன்னாய் அல்லவா? அந்தப் பேச்சின் பின்னால் இருப்பது இதுவாக இருக்கலாம். ஏஜென்ற்றின் கூலியை விற்பவர் தான் கொடுப்பது. உதாரணத்துக்கு, விலையில் 1.2 வீதம் என்று வை. 5,100, அதற்கு மேல் வற் 1,020, ஆக 6,120. கையில் உன் ஆயிரம் இருப்பதால், மிச்சம் 5,120ஐ அனுப்பு என்று விற்றவரின் சொலிசிற்றருக்குப் பில் போட்டிருப்பார்கள். பழைய நாட்களில் இது வழக்கமான முறை தான், களவு அல்ல. ஆனால் அதற்கு ஒரு மறுபாதி உண்டு. விற்பவரின் கூலியை உன் காசால் அடைத்தார்கள் என்றால், விற்பவர் உன்னிடமிருந்து ஆயிரம் குறைவாக வாங்கவேண்டும். பற்று எழுதினால் வரவும் எழுதவேண்டும். உன் விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டு, மறுபக்கம் வெறும் தாளாக நின்றுவிட்டது. அப்படியென்றால் விற்றவர் வீட்டு விலை முழுவதையும் பெற்று, ஏஜென்ற் கூலியிலும் ஆயிரம் மிச்சம் பிடித்திருக்கிறார். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

அதற்காக அவருடைய புது விலாசத்தைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டவேண்டாம். மருமகன் சூடான ஆள், நான் பார்த்தேன். வீட்டை விற்ற அந்த வயோதிபத் தம்பதி உங்களுக்குத் திறப்போடு சேர்த்துக் கொதிகலத்தின் கைநூலையும், குப்பை எடுக்கும் நாட்களை எழுதின துண்டையும் விட்டுப் போனவர்கள். நீ காசு கொடுத்தது ஏஜென்ற் கையில், கேட்கவேண்டியதும் அங்கே. ஒப்பந்தத்துக்கு முன் ஏஜென்ற்றிடம் கொடுத்த முற்பணத்தை அவர் திருப்பாவிட்டால் விற்பவரைப் பிடிக்கமுடியாது என்று பிரபுக்கள் சபை 1976இலேயே தீர்த்துவிட்டது. அந்த வழக்கில் ஒரு ஏஜென்ற் ஒரே வீட்டுக்குப் பலரிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோனான், வீட்டுக்காரருக்குச் சதமும் போய்ச் சேரவில்லை. அவருக்குப் பொறுப்பில்லை என்றார்கள். காசு தொலைத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு கசந்திருக்கும். அதன் பிறகு மூன்று வருடத்தில் வந்தது தான் நான் மேலே சொன்ன சட்டம். உன் ஏஜென்ற் விற்றவரிடமிருந்து பிறகு வாங்கிக்கொள்வதோ விடுவதோ அவர்கள் இருவரின் பாடு.

இப்போது என் கதை. சொல்ல வெட்கம் தான், ஆனால் இதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1988 மாரி முடிகிற நேரம் நானும் உன் பெரியம்மாவும் ஈஸ்ற் ஹாமில் ஒரு வரிசை வீட்டைப் பார்த்தோம். அன்று விலைகள் கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டிருந்தன. ஹை ஸ்றீற்றில் இருந்த ஏஜென்ற் கடைக்காரர், வேறொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நூறு பவுண் வைத்தால் பலகையை எடுத்துவிடுவேன் என்றார். நான் அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, மணிக்கு இரண்டு பவுணுக்குக் கொஞ்சம் மேலே. நூறு பவுண் என்பது ஏறக்குறைய ஒரு கிழமை இரவுகள். காசாக எண்ணிக் கொடுத்தேன், மஞ்சள் தாளில் பற்றுச்சீட்டுத் தந்தார். வீடு முடிந்தது, திறப்பு வந்தது. நூறு பவுண் வரவில்லை. பெரியம்மா கேட்கச் சொன்னா. நான் போகவில்லை. வீடே தந்துவிட்டார்கள், நூறு பவுணுக்குப் போய் நின்றால் எங்களை என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். வந்து மூன்று வருடம் கூட ஆகாத ஆள், ஆங்கிலம் வாயில் வரமுன் வேர்க்கும். உன்னைப் போல நானும் "போனால் போகட்டும்" தான்.

அடுத்த வருடம் சொலிசிற்றர் கந்தோரில் வேலை கிடைத்தது. சேர்ந்து சில மாதம் இருக்கும், யாரோ ஒருவருடைய கொம்பிளீஷன் ஸ்டேற்மென்றைத் தட்டச்சுச் செய்யக் கொடுத்தார்கள். விலைக்குக் கீழே ஒரு வரி: ஏஜென்ற் வசமுள்ள முற்பணம் கழிவு. நான் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தான் விளங்கியது, அது கேட்டு வாங்குகிற தயவு இல்லை, கணக்கில் ஒரு வரி. அந்தச் சனிக்கிழமை மஞ்சள் தாளையும் எடுத்துக்கொண்டு ஈஸ்ற் ஹாமுக்குப் போனேன். அதற்கிடையில் வட்டி 15 வீதத்துக்கு ஏறி, வீட்டுச் சந்தை படுத்து, அந்தக் கடைக் கண்ணாடியில் உள்ளிருந்து செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக் கடை மனிதருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தேன். சீட்டு இன்னும் வீட்டு உறுதியோடு கிடக்கிறது, உன் பெரியம்மா எறிய விடமாட்டா. எனக்கு வாயை மூடவேண்டிய நேரங்களில் எடுத்துக் காட்டுவதற்காக.

வழக்குப் போடக் காலவரம்பு ஆறு வருடம். ஆனால் ஏஜென்ற் கடைகளுக்கு ஆறு வருட ஆயுள் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே இந்தக் கிழமையே எழுது.

யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு சங்கதி. கடைப் பலகையில் இருக்கிற பெயர் பெரும்பாலும் வியாபாரப் பெயர் மட்டும். பின்னால் வேறு பெயரில் ஒரு கொம்பனி இருக்கும், கிளைக்குக் கிளை வேறுகூட இருக்கலாம். அவர்கள் அனுப்பின ஈமெயிலின் அடியில், எறும்பு எழுத்தில், பதிவுப் பெயரும் இலக்கமும் போட்டிருக்கும். கொம்பனிஸ் ஹவுஸ் இணையத்தில் அந்த இலக்கத்தைத் தட்டிப் பார், காசில்லை. கொம்பனி உயிரோடு இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். உன் வங்கி விபரத்தில் பெப்ரவரியில் எந்தப் பெயருக்குக் காசு போனது என்றும் பார். அதில் கிளையன்ற் என்ற சொல் இல்லாவிட்டால் அதையும் குறித்து வை.

கடிதம் அரைப்பக்கம் போதும். கிளை முகாமையாளருக்கு, முறைப்பாடு என்று தலைப்பில் தெளிவாகப் போட்டு, ஈமெயிலில் அனுப்பு. இன்ன திகதி இன்ன வீட்டுக்கு ஆயிரம் பவுண் கட்டினோம், பற்றுச்சீட்டு இணைப்பு. இன்ன திகதி விற்பனை முடிந்தது, முழு விலையும் சொலிசிற்றர் வழியாகக் கட்டப்பட்டது, ஸ்டேற்மென்ற் இணைப்பு. ஆகவே அந்த ஆயிரத்தின் மேல் எங்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமை மிஞ்சவில்லை. 1979 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அதை எங்களுக்காக வைத்திருக்கிறீர்கள், 14 நாளுக்குள் இந்தக் கணக்குக்கு அனுப்பவும். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் எப்போது, யாருடைய சொல்லில் கொடுத்தீர்கள் என்று கிளையன்ற் கணக்குப் பதிவின் பிரதியோடு அறியத்தரவும். அவ்வளவு தான். கடைசி வசனத்தை விட்டுவிடாதே. அந்தப் பதிவுகளை வருடக்கணக்காக வைத்திருக்கவேண்டியது அவர்கள் கடமை. "சேர்த்தாயிற்று" என்று ஃபோனில் சொல்வது சுகம், தாளில் காட்டச் சொன்னால் தான் தேடுவார்கள். தேடும்போது பெரும்பாலும் காசும் கிடைத்துவிடும்.

வட்டி கேட்கலாமா என்று மருமகன் கேட்பார், அவர் முகத்தில் தெரிந்தது. 500 பவுணுக்கு மேல் இருந்தால் வட்டி கொடுக்க ஒரு விதி உண்டு, ஆனால் வட்டி 10 பவுணைத் தொடாவிட்டால் வேண்டியதில்லை. ஐந்து மாதத்துக்கு உங்கள் ஆயிரம் அந்தக் கோட்டுக்குக் கிட்டத் தான் நிற்கும். அதற்காக மல்லுக்கட்டினால் முழுக் கடிதமும் சில்லறைச் சண்டையாகத் தெரியும். விடுங்கள்.

ஃபோனில் பேசவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசினால், பேசி முடித்த கையோடு "இன்று இன்னாரோடு பேசினேன், இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி ஈமெயில் போட்டுவிடு. கூகிளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிற வேலை இப்போது வேண்டாம். அதை முதலில் செய்தால் அவர்களுக்குக் கோபம் ஒரு சாட்டாகக் கிடைக்கும், நீ கேட்கிற காசு பின்னுக்குப் போய்விடும்.

அவர்கள் மறுமொழி தராவிட்டால் அல்லது மழுப்பினால், முறைப்பாடு கொடுத்த நாளிலிருந்து எட்டுக் கிழமை பொறுக்கவேண்டும். இங்கிலாந்தில் வீடு விற்கிற ஏஜென்ற் எவரும் ஒரு குறைதீர் அமைப்பில் சேர்ந்திருக்கவேண்டும் என்பது 2008 ஒக்டோபரிலிருந்து சட்டம். இப்போது இரண்டு இருக்கின்றன, ஒன்று புரொப்பர்ட்டி ஒம்புட்ஸ்மன், மற்றது புரொப்பர்ட்டி ரிட்ரெஸ். எதில் இருக்கிறார்கள் என்பது அவர்கள் இணையப் பக்கத்தின் அடியில் சின்னமாக இருக்கும். விற்பவர் தான் அவர்களுடைய வாடிக்கையாளர், நீ அல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதே. வாங்கினவரும் முறையிடலாம். உனக்குச் செலவில்லை. ஏஜென்ற் தன் கடைசி மறுமொழி இது என்று எழுதினால் அந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும். உன் சொலிசிற்றர் பக்கம் பிழை என்று விற்பனைக் குறிப்பு காட்டினால் அவருக்கும் தனியாக ஒரு முறைப்பாடு, அதற்கும் எட்டுக் கிழமை, பிறகு லீகல் ஒம்புட்ஸ்மன். ஏஜென்ற், சொலிசிற்றர் இருவரையும் ஒரே கடிதத்தில் திட்டி எழுதாதே. ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒம்புட்ஸ்மன் வழி ஆறுதலாக நடக்கும். அவசரம் என்றால் சின்ன வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, 10,000 பவுண் வரைக்கும். வழக்கறிஞர் வேண்டாம், இணையத்திலேயே நிரப்பலாம். ஆயிரத்துக்கு இன்றைய கட்டணம் 70 பவுண், வென்றால் அதையும் எதிரியிடம் கேட்கலாம். ஆண்டுக்கு எட்டு வீத வட்டியும் அங்கே கேட்கலாம், ஆனால் வட்டியோடு கூட்டி ஆயிரத்தைத் தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்குப் போய்விடும். பார்த்துக்கொள். பெரும்பாலும் வழக்கு வரைக்கும் போகாது. 14 நாளில் வழக்குப் போடுகிறோம் என்று கொம்பனியின் பதிவு விலாசத்துக்குப் போகிற கடிதத்தை, கிளையில் இருக்கிற பொடியன் திறக்கமாட்டான், கணக்குப் பார்க்கிற ஒருவர் திறப்பார். என்னைப் போல ஒரு ஆள். அவருக்கு நீ சொல்வது முதல் வாசிப்பிலேயே விளங்கும், விளங்கினதும் வயிற்றைக் கலக்கும். கிளையன்ற் காசு பிசகினது தெரிந்தால் எங்கள் சாதிக்கு அப்படித் தான்.

கொம்பனி மூடப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் மட்டும் வேறு பாதை. கிளையன்ற் கணக்கில் இருப்பது கடன்காரருக்குப் பங்கிடுகிற காசு அல்ல, பொறுப்பேற்றவருக்கு அப்படியே எழுதவேண்டும். அந்த ஏஜென்ற் புரொப்பர்ட்டிமார்க் என்ற ஏஜென்ற் சங்கத்தின் அங்கத்தவர் என்றால் அவர்களிடம் கிளையன்ற் காசுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டமும் உண்டு. உன் ஏஜென்ற் கடை போன கிழமை வரைக்கும் வெளிச்சம் எரிந்துகொண்டு தான் இருந்தது, நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வேண்டுமென்று தான் அந்தப் பஸ்ஸை எடுத்தேன் என்பதை உன் பெரியம்மாவுக்குச் சொல்லாதே.

ஸ்டேற்மென்ற், விற்பனைக் குறிப்பு, பற்றுச்சீட்டு மூன்றையும் படம் பிடித்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வற்ஸ்அப்பில் அனுப்பு. ஸ்டேற்மென்ற்றின் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து. எல்லாரும் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். கடிதத்தை நீயே எழுது, நான் பார்த்துத் திருத்துகிறேன். அடுத்த சனிக்கிழமை வரும்போது பெரியம்மா கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டு வருவா. சமையலறை யன்னல் தெற்குப் பக்கமா என்று கேட்கச் சொன்னா.

அன்புடன்,
பெரியப்பா